மகள் ஊடகத் தொடர்பியல் படிக்க வேண்டும் என்கிறாள். விடலாமா?

சிப்புட் லோரிக்காரன் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மூத்த மகளுக்கு ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டது. தமிழ், தமிழ் இலக்கியம், மலாய், வரலாறு நான்கிலும் ஏ. கணக்கில் சி. அறிவியலைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் போ என்று அம்மா சொல்கிறாள். மகளோ மாஸ்காம், அதாவது ஊடகத் தொடர்பியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், "நிருபர், பி.ஆர். என்கிற மக்கள் தொடர்பு, ரேடியோ, எவ்வளவோ இருக்குப்பா" என்கிறாள். அந்த 'எவ்வளவோ'தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் ஈப்போவில் கல்விக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு தனியார் கல்லூரி ஏஜண்ட் அரை மணி நேரம் பேசினார். டிப்ளோமாவில் சேர்ந்தால் லாப்டாப் இலவசமாம், இன்றே 500 வெள்ளி கட்டினால் இடம் உறுதியாம். நான் கட்டவில்லை. மகள் கோபமாக இருக்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செம்பனைச்சாமி | திங்கள், இரவு 9.58

கட்டாதது நல்லது அண்ணே. மாஸ்காம் படித்த எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது கைப்பேசிக் கடையில் ஸ்கிரீன் ஒட்டுகிறான். மைக் பிடிக்கவும் செல்பி எடுக்கவும் மூன்று வருடப் படிப்பு எதற்கு?


மிண்டன் மாணவி | திங்கள், இரவு 10.31

வணக்கம் அங்கிள். பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், பாகான் செராய் பக்கம்.

முதலில் ஏஜண்ட் விஷயம். எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்பின் பெயரை மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசம்தான். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் படிப்பே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் கிடைக்காது, பிறகு அரசாங்க வேலைக்கும் அந்தச் சான்றிதழ் உதவாது.

மைக் பிடிக்கிற படிப்பு என்று சொன்ன அண்ணனுக்கு: முதல் ஆண்டு முழுக்க நான் மைக்கைத் தொட்டதே இல்லை. எல்லாம் கோட்பாடு, ஆய்வு முறை, எழுத்து. புள்ளிவிவரமும் உண்டு. கணக்கில் சி என்று பயப்பட வேண்டாம் அங்கிள், ஆனால் கணக்கே வராது என்று நினைத்து யாரும் இங்கே ஓடி வரக்கூடாது. கேள்வித்தாள் தயாரித்து, 200 பேரிடம் கேட்டு, கணினியில் ஏற்றிப் பகுத்துச் சொல்லவேண்டும். என் தோழி ஒருத்தி அந்தப் பாடத்தை இரண்டு முறை எழுதினாள்.


ஆறாம்படிவ டீச்சர் | திங்கள், இரவு 11.05

பெற்றோர்கள் குழம்புவது எந்த வழியாகப் பல்கலைக்கழகம் போவது என்பதில்தான். அதை மட்டும் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் கலைப் பிரிவு கிடையாது. அறிவியல், கணக்கியல், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அது. உங்கள் மகளின் தேர்ச்சிக்கு நேர்வழி ஆறாம் படிவம். அதன் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் 'பெங்காஜியான் ஆம்' என்ற பொதுப் பாடம் கட்டாயம். அதோடு தமிழ், வரலாறு, மலாய் எடுக்கலாம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டுக் கதை. பள்ளிக் கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுச் சாப்பாடு. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யு. மூலம் விண்ணப்பம். 100 விழுக்காட்டில் 90 தேர்வு முடிவுக்கு, 10 புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தை நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். தமிழ் மொழிக் கழகச் செயலாளராக இருந்ததற்குச் சான்றிதழை யாரும் கேட்டு வாங்கி வைப்பதில்லை.

மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுதவேண்டும். ஆங்கிலம் எப்படி?

யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை பழையது, பெயர் பெற்றது. ஆனால் அது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. நமக்கு யூ.எஸ்.எம்., பாங்கியில் யூ.கே.எம்., செர்டாங்கில் யூ.பி.எம்., சிந்தோக்கில் யூ.யூ.எம்., மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஊடகவியல் துறை என்று கதவுகள் இருக்கின்றன. சில இடங்களில் நேர்முகத் தேர்வும் உண்டு.


சிப்புட் லோரிக்காரன் | செவ்வாய், காலை 5.12

லோரி எடுக்கப் போகிறேன், சுருக்கமாக. டீச்சர், ஆங்கிலம் பி. ஆனால் பேசச் சொன்னால் வாயைத் திறக்கமாட்டாள். மிண்டன் தங்கச்சி, அந்தக் 'கோட்பாடு' என்றால் என்ன? அதை வைத்துச் சோறு தின்ன முடியுமா என்று மனைவி கேட்கிறாள்.


மிண்டன் மாணவி | செவ்வாய், பிற்பகல் 1.20

ஆண்டியிடம் இதைச் சொல்லுங்கள் அங்கிள்.

என் தாத்தாவின் தோட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முடிவெட்டும் கடையில் தமிழ் நேசன் நாளிதழ் வரும். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பவர் வெறுமனே வாசிக்கமாட்டார். "இந்த ஆள் சொல்வதை நம்பாதீங்க" என்று நடுவில் ஒன்று போடுவார். தோட்டம் யாருக்கு ஓட்டுப் போடும் என்பது பத்திரிகையில் முடிவானதில்லை, அந்த நடுவில் போட்ட வார்த்தையில் முடிவானது.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒஹையோவில் ஆய்வு செய்து கண்டது இதைத்தான். செய்தி நேராக மக்களிடம் போவதில்லை, அவர்கள் நம்பும் ஒருவர் வழியாகப் போகிறது. இரண்டு படி ஓட்டம் என்று படித்தோம். வகுப்பில் அதைக் கேட்டபோது தாத்தா ஞாபகம்தான் வந்தது. இன்றைக்கு முடிவெட்டும் கடைக்குப் பதில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா.

மெக்கோம்ஸ், ஷா என்று இருவர். 1968 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் சேப்பல் ஹில் என்ற ஊரில் ஆய்வு செய்தார்கள். பத்திரிகை எதற்கு அதிக இடம் கொடுக்கிறதோ, அதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்றார்கள். அதை வைத்து நாங்கள் ஓர் ஒப்படைப்பு செய்தோம். ஒரு மாதத் தமிழ் நாளிதழ்களை எடுத்துத் 'தோட்டம்' என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணினோம். கோயில் திருவிழா, பரிசளிப்பு, தலைவர் வருகை. சம்பளமும் வீடும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சோறு விஷயம்: இண்டர்ன்ஷிப்பில் எனக்கு மாதம் 400 வெள்ளி கொடுத்தார்கள். கோலாலம்பூரில் அறை வாடகைக்கே பற்றவில்லை, அப்பாதான் அனுப்பினார். வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் இருக்கிறது, பயிற்சி மாணவர்களுக்கு அது இல்லை. இந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.


கம்பார்வாசி | செவ்வாய், மாலை 6.45

என் மகன் கம்பாரில் உள்ள யூடார் தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஆர். முடித்தான். அங்கே இதழியல், விளம்பரம், பி.ஆர். தனித்தனி. எல்லாம் ஆங்கிலத்தில். கட்டணம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தோடு பார்த்தால் மடுவும் மலையும், மறைக்கமாட்டேன். பி.டி.பி.டி.என். எடுத்தோம். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். முதல் தரத்தில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். இவன் கொஞ்சத்தில் தவறவிட்டான். இப்போது ஒரு மருத்துவமனையில் அறிக்கை எழுதுவது, நிகழ்ச்சி நடத்துவது, புகார் வந்தால் பதில் எழுதுவது. டிவியில் வரமாட்டான், ஆனால் மாதாமாதம் சம்பளம் வருகிறது.


செம்பனைச்சாமி | செவ்வாய், இரவு 8.02

புகாருக்குப் பதில் எழுதத்தான் ஒரு டிகிரியா. சரி.

தமிழிலும் தமிழ் இலக்கியத்திலும் ஏ வாங்கிய பிள்ளைக்குத் தமிழில் வேலை எங்கே, அதைச் சொல்லுங்கள் முதலில். தமிழ் நேசனே போய்விட்டது.


பழைய நிருபர் | செவ்வாய், இரவு 10.50

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் நாளிதழில் 26 ஆண்டுகள் இருந்தேன், எந்த நாளிதழ் என்பது வேண்டாம். சாமி கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மற்ற நாளிதழ்களும் சுகமாக இல்லை. மிச்சம் எண்ணிப் பாருங்கள். மின்னல் எஃப்.எம்., டிவி2 தமிழ்ச் செய்தி, பெர்னாமா தமிழ்ச் செய்தி, ராகா வானொலி, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, சில இணையத் தளங்கள். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை புதிய ஆளை எடுக்கும்? கைவிரல்களை மடக்கி எண்ணிவிடலாம். தமிழை மட்டும் நம்பி இந்தத் துறைக்கு வராதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்வேன்.

ஆனால் மலாயில் செய்தி எழுதத் தெரிந்து, ஆங்கிலத்தில் பேட்டி எடுக்கத் தெரிந்து, தோட்டத்துக்குள் போய்த் தமிழில் பேசத் தெரிந்த ஆள் எத்தனை பேர்? அப்படிப்பட்டவர்கள் அந்த வேலைகளைவிடக் குறைவு. பெரிய மலாய், ஆங்கில ஊடகங்களில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் அப்படி ஒருவரைத் தேடிச் சலித்திருக்கிறார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டபோது சுங்கை சிப்புட் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது, அவசரகாலமும் வந்தது. 2008 பொதுத்தேர்தலில் அமைச்சர் சாமிவேலு தோற்று எதிர்க்கட்சியின் ஜெயக்குமார் வென்றபோது மறுபடி எல்லா கேமராவும் வந்தன. நடுவில் இருந்த அறுபது வருடங்கள்? தோட்டம் துண்டானது, லயம் காலியானது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதைக் கிட்டே இருந்து எழுத ஆள் இல்லை.

லோரிக்காரரே, ஒரு யோசனை. ஏஜண்டை விடுங்கள், எங்களையும் விடுங்கள். மகளை ஒரு செய்தி எழுதச் சொல்லுங்கள். உங்கள் வட்டாரத்தில் நடந்தது, 150 சொல், மலாயிலும் தமிழிலும். தமிழை இங்கே போடுங்கள். திருத்தித் தருகிறேன். திருத்தத்தைப் பார்த்து அழுதால் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புங்கள். மறுபடி எழுதினால் பார்ப்போம்.


சிப்புட் லோரிக்காரன் | வியாழன், இரவு 9.15

எழுதிவிட்டாள் அண்ணே. அப்படியே போடுகிறேன்.

"விளக்கு என்பது மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும். நமது தோட்டத்து மக்கள் காலங்காலமாக உழைப்பையே மூச்சாகக் கொண்டு வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பாதையில் அண்மைய காலமாகப் பல விளக்குகள் எரியவில்லை. இதனால் மக்கள் பெரும் அவதிக்குள்ளாகின்றனர். ஆடவர் ஒருவர் விழுந்து காயமடைந்துள்ளார். எனவே, சம்பந்தப்பட்ட தரப்பினர் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டுமெனப் பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர்."


செம்பனைச்சாமி | வியாழன், இரவு 9.21

நம் பத்திரிகையில் வருவது மாதிரியே இருக்கிறது. இதற்குமேல் என்ன படிக்க வேண்டும்?


பழைய நிருபர் | வியாழன், இரவு 11.30

அதுதான் சிக்கல் சாமி. நானும் இப்படி ஆயிரம் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி, நேரே உனக்கே எழுதுகிறேன். தமிழ் சுத்தம், ஒரு பிழை இல்லை. இனி கேள்.

செய்தி ஐந்தாவது வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு மனிதர் விழுந்திருக்கிறார்! அவரை விட்டுவிட்டு விளக்கின் பெருமையில் ஆரம்பித்திருக்கிறாய். அது கட்டுரைத் தேர்வுக்கு. செய்தியில் பெரியது முதலில், சிறியது கடைசியில். அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பவர் இடம் பற்றாவிட்டால் கீழிருந்து வெட்டுவார். உன் செய்தியைக் கீழிருந்து வெட்டினால் விளக்கு மட்டும் மிஞ்சும், ஆள் போய்விடுவார்.

'பல விளக்குகள்'. எத்தனை? போய் எண்ணு. 'அண்மைய காலமாக'. எப்போதிருந்து? யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும், தீபாவளிக்கு முன்பா பின்பா என்று கேள். 'பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர்'. எந்தப் பொதுமக்கள்? எனக்குத் தெரிந்து பொதுமக்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னதில்லை. ஒருவர் சொல்லியிருப்பார், அவர் சொன்ன விதத்திலேயே எழுது.

எல்லாவற்றையும்விட இது: 'சம்பந்தப்பட்ட தரப்பினர்'. யார் அது? இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாத நிருபர், வேலையை முடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் சொல் அது. அந்த விளக்கு யாருடையது? அந்தப் பாதை யாருடையது? தோட்டத்துப் பாதை தனியார் நிலமாக இருக்கலாம். அப்படியானால் நகராண்மையில் போய்ப் புகார் செய்தாலும் "எங்கள் பாதை இல்லை" என்பார்கள். பலகாலமாகத் தோட்டத்து மக்கள் மாட்டிக்கொண்ட இடமே இதுதான். அதைக் கண்டுபிடித்தால் விளக்குச் செய்தி இல்லை, வேறு செய்தி.

இதை எல்லாம் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் சொல்லித்தருவார்கள், கூடவே சட்டமும். 1984 அச்சகச் சட்டம், 1948 தேச நிந்தனைச் சட்டம், 1998 தொடர்பு பல்லூடகச் சட்டம். எதை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாமல் நான் முதல் ஐந்து வருடம் ஓட்டினேன். என் நல்ல நேரம்.


மிண்டன் மாணவி | வெள்ளி, காலை 8.10

ஐயா, உங்கள் பதிவை எங்கள் வகுப்புக் குழுவில் போடலாமா? என் முதல் ஆண்டு ஒப்படைப்பு இதைவிட மோசம். "நீர் உயிரின் ஆதாரம்" என்று தொடங்கியிருந்தேன்.


சிப்புட் லோரிக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

அழவில்லை அண்ணே. கோபப்பட்டாள். ஒரு நாள் பேசவில்லை. நேற்று மாலை ஏழரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணிவிட்டு வந்தாள். புதிதாக எழுதியது:

"சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டப் பாதையில் 14 விளக்குக் கம்பங்களில் 9 எரியாத நிலையில், விடியற்காலை 5.30 மணிக்கு மோட்டாரில் வேலைக்குச் சென்ற 57 வயதுத் தொழிலாளி கால்வாயில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். 'முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் அங்கே கால்வாய் இருப்பதே தெரிந்தது' என்றார் அவர். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்து விளக்குகள் எரியவில்லை என்று அங்கே ஒட்டுக்கடை நடத்தும் மாது ஒருவர் கூறினார்."

அதற்குமேல் எழுதவில்லை. பாதை யாருடையது என்று தோட்ட அலுவலகத்தில் கேட்கப் போனாள். ஞாயிறு, பூட்டியிருந்தது.


பழைய நிருபர் | ஞாயிறு, இரவு 9.05

முதல் வாக்கியத்தில் நான் கைவைக்கமாட்டேன். மலாய்ப் பிரதியையும் அனுப்பச் சொல்லுங்கள்.


செம்பனைச்சாமி | ஞாயிறு, இரவு 9.17

அண்ணே, விழுந்தது என் மச்சான்.

நானும் அந்தத் தோட்டம்தான். இப்போது ரவாங்கில் இருக்கிறேன். படித்ததும் அவருக்குப் போன் அடித்தேன். "ஒரு பிள்ளை வந்து கேட்டது, பள்ளிக்கூட வேலை என்று நினைத்துச் சொன்னேன்" என்கிறார். பத்திரிகைக்கு என்றால் வேண்டாம் என்கிறார். ஒப்பந்த வேலை அவருக்கு. மேலே தெரிந்தால் அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்களோ என்று பயம். பெயர் போடவில்லைதான், ஆனால் அந்தத் தோட்டத்தில் கை முறிந்தவர் எத்தனை பேர்?

அப்புறம் வயது 57 இல்லை. 56.


பழைய நிருபர் | ஞாயிறு, இரவு 9.50

சாமி சொல்வது முழுக்க நியாயம். எதற்காகக் கேட்கிறேன், எங்கே வரும் என்று முதலிலேயே சொல்லாமல் பேட்டி எடுக்கக்கூடாது. தங்கச்சிக்கு நான் அதைச் சொல்லித்தரவில்லை. இந்தத் தப்பு என்னுடையது.

ஒரு வழி உண்டு. அவரை விட்டுவிட்டு, அதே பாதையில் போகிற, பெயர் சொல்லத் தயங்காத வேறு ஒருவரைத் தேடலாம். செய்தியின் வேகம் குறையும். குறையட்டும். அவர் சம்மதித்தால் மட்டும் பழையதைப் போடலாம். அதைக் கேட்க வேண்டியது எழுதியவள்தான், நாம் இல்லை.


சிப்புட் லோரிக்காரன் | திங்கள், இரவு 10.02

மகளிடம் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். நான் வெளியே மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆனது. தேத்தண்ணி கொடுத்தார்களாம். பெயர் வேண்டாம், வயதும் வேண்டாம், ஆனால் விளக்கைப் பற்றி எழுது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாதையில் போகிற இன்னும் மூன்று பேரின் பெயரையும் அவரே கொடுத்தாராம்.

சாமி தம்பி, மச்சானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்கு நாளை காலை போகவேண்டும் என்கிறாள். எனக்கு லோரி. அம்மாதான் கூட்டிப் போகிறாள், முணுமுணுத்துக்கொண்டு.

டீச்சர், ஆறாம் படிவத்துக்குப் பதிய என்னென்ன கொண்டு வரவேண்டும்?


ஆறாம்படிவ டீச்சர் | திங்கள், இரவு 10.20

எஸ்.பி.எம். முடிவுத் தாள், அடையாள அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ். மூலமும் நகலும். புறப்பாடச் சான்றிதழ்கள் இருந்தால் அத்தனையும். அந்தச் செய்தியின் மூன்று பிரதிகளையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.